ஓர் ஊருக்கு இரண்டு ஆயர்கள்

அயர்லாந்துக்கு வந்த முதல் ஞாயிறு, கோயில் வாசலில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போன ஒரே ஆள் நான்தான். ஊரின் புனிதர் பெயரில், குன்றின் மேல் ஒரு பழைய கதீட்ரல். இத்தனை பழசு என்றால் நம் ஆர்.சி. கோயிலாகத்தான் இருக்கும் என்று முழங்காலிட்டேன். அங்கி உடுத்திப் பீடத்துக்கு வந்த குருவோ ஒரு பெண். பக்கத்தில் என் மனைவி ஜெனிட்டா, மதுரைப் புராட்டஸ்டண்ட் குடும்பம், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க கோயிலுன்னு இழுத்துட்டு வந்தீங்க. இது எங்க சர்ச்சாச்சே."

மழையில் நனையாமல் என் ஷூவை எடுத்து வைத்திருந்த பெரியவரிடம், இது யாருடைய கோயில் என்று கேட்டேன். "எந்த நூற்றாண்டில்?" என்றார், சிரிக்காமல். கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். விஷயம் பிறகுதான் விளங்கியது. புனிதர் தொடங்கியது ஒரே மறைமாவட்டம்தான். இங்கிலாந்து மன்னர் ரோமை விட்டுப் பிரிந்து புராட்டஸ்டண்ட் பக்கம் போனதும், அவர் பக்கத்து ஆயர் கதீட்ரலை வைத்துக்கொண்டார். ரோம் நியமித்த ஆயர் ஒளிந்து திரிந்து பூசை வைத்தார். வெகுகாலம் கழித்துக் கத்தோலிக்கர்கள் எதிர்க் குன்றில் தங்களுக்கென ஒன்று கட்டினார்கள். இன்றும் அதே பட்டத்துடன் இரண்டு ஆயர்கள். ஒரு காலத்தில் வெட்டுக்குத்தாக இருந்ததாம். இப்போது திருநாளன்று இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

எங்கள் கல்யாணத்தில் என் அம்மாவும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இங்கே மகள் பிறந்ததும் ஆனையூரிலிருந்து அம்மா, "நம்ம கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கலைன்னா எனக்குப் பேத்தியே இல்லடா" என்றார். திருப்பரங்குன்றத்து மாமியாரும் அதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். பயந்துபோய் நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் கத்தோலிக்கப் பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்தக் கதீட்ரல் குருவம்மாவையும் கூப்பிடுவோம், இங்கே இது புதிதில்லை" என்றார். அவர் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பெண் குரு பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எல்லாவற்றையும் போன் வீடியோவில் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். மாமியாரின் போனில் வீடியோ ஓடாது. வேறு வழியில்லாமல் பஸ் ஏறி ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் சோபாவில் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார்.

"பேத்தி அழவேயில்ல பாத்தீங்களா" என்றார் மாமியார், பொதுவாக.

அம்மா சோபாவை விட்டு எழுந்து போனார். பிறகு அம்மாவின் குரல்: "காப்பி போடவா சம்பந்தி?"

ஜெனிட்டா என் கையை இறுகப் பிடித்தாள். இரண்டு குன்றுகளிலும் மணி அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போனைக் காதோடு வைத்து, ஆனையூரில் காப்பி ஆற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.