அம்மா சொன்ன சினிமாச் சாட்சி

அந்தச் சனிக்கிழமை திருப்பதித் தியேட்டரில் நைனா இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அண்ணன் இல்லை. அவன் தடாவில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலையில் இருந்தான். சித்தூர் வெல்ல மண்டியில், நைனாவோடு மூட்டை தூக்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குடிபோதையில் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டு ஊரைவிட்டுப் போனவன். பிறகு குடியை விட்டான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று அம்மாவிடம் போனில் கேட்டிருந்தான். அம்மா அதைச் சொன்னதும் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரவு ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் பொறுப்பு. திருப்பதியில் செல்போன் கடையில் நாளெல்லாம் நின்று பில் போட்டுவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சித்தூருக்கு வந்து, கண் சொருகச் சொருக, மன்னிப்பைப் பற்றிய பகுதிகளாகவே தேடி வாசித்தேன். நைனா கேட்டுக்கொண்டிருப்பார். "ஆமென்" என்பார். பாயை விரிப்பார். அவ்வளவுதான்.

கடைப் பையன்கள் ஒருநாள் என்னை ஒரு தெலுங்குப் படத்துக்கு இழுத்துப் போனார்கள். இடைவேளை வரை அடிதடி. ஜீப்புகள் பறந்தன. பனிமலையில் ஒரு பாட்டு. அதற்குப் பிறகு ஒரு காட்சி. ஜெயிலிலிருந்து மகன் வெறுங்காலோடு வெளியே வருகிறான். கொளுத்துகிற வெயில். வாசலில் நிற்கிற அப்பன் ஒன்றும் பேசாமல் தன் செருப்பைக் கழற்றி அவன் முன்னால் போட்டுவிட்டு, தார் ரோட்டில் வெறுங்காலோடு முன்னே நடக்கிறான். இத்தனை நாள் நான் வாசித்ததை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். எடுத்தவர்கள் விசுவாசிகள் இல்லை. யாரைக் கொண்டு பேசுவது என்று கடவுள் நம்மைக் கேட்டுவிட்டா பேசுகிறார்?

ஆனால் எங்கள் சபையில் சினிமா பாவம்.

"இந்த வயசுல என்னைப் பாவம் பண்ண வெக்கிறியாடா?" என்றார் நைனா.

"ஒரே ஒரு சீனுக்காக நைனா."

"ஒரு சீனுக்கு மூணு மணி நேரமாடா குந்திக்கினு இருக்கணும்?"

வந்தார். செருப்புக் காட்சி வந்ததும் அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கைகூப்பினாள். பின்சீட்டுக்காரர் குனிந்து, "ஏசி ஜாஸ்தியா இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"சும்மா இருப்பா, ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்."

நைனா திரையைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பி வரும்போது, பஸ் புத்தலப்பட்டைத் தாண்டியதும் கேட்டார்.

"அந்தப் புள்ளய நல்லவனா எழுதிட்டானுங்க. நம்ம புள்ளய யாரு எழுதனது?"

"அவனையும் எழுதனவரு மேல இருக்காரு," என்றாள் அம்மா.

"நீ கம்முனு வா."

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். வேதமும் ஆயிற்று, சினிமாவும் ஆயிற்று. என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். நான் தடுக்கும் முன்பே அம்மா எழுந்துவிட்டாள்.

"நேத்து கர்த்தரு எங்களோட பேசனாரு, ஸ்தோத்திரம்."

"அல்லேலூயா," என்றது சபை.

"திருப்பதியில பேசனாரு."

"அல்லேலூயா!"

"சினிமா தியேட்டர்ல பேசனாரு."

காது மந்தமான ஒரு பாட்டி மட்டும் அல்லேலூயா சொன்னாள்.

போதகர் கடுமையானவர் அல்ல. ஆராதனை முடிந்ததும் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"பெரியவரே, சபை முன்னால தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இதோட முடிஞ்சிடும்."

சொல்லிவிடுவார், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தேன். நைனா மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"படம் பாத்தது தப்புன்னா, அதுல பாத்ததும் தப்புன்னு ஆயிடும்யா. அப்பறம் எம் புள்ளய நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வரச் சொல்றது?"

அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவளுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

போதகர் தரையைப் பார்த்தார். சபை ஒழுங்கை அவரால் மாற்ற முடியாது. மனம் திரும்பும் வரை எங்கள் மூவருக்கும் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்றார்.

நைனா வரச் சொல்ல, அண்ணன் கிறிஸ்துமஸுக்கு மனைவி குழந்தையோடு வந்தான். படத்தில் போல ஒன்றும் நடக்கவில்லை. நைனாவின் மீசையைப் பார்த்துக் குழந்தை அலறியது. "சோறு துன்னியா?" என்று நைனா கேட்டார். "துன்னேன் நைனா," என்றான் அவன். பிறகு இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு டிவியைப் பார்த்தார்கள். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று காத்திருந்த நான் எப்போதோ தூங்கிப்போனேன். அவர்கள் திரும்பிப் போகும்போது குழந்தையை பஸ் வரைக்கும் தூக்கிப் போனவர் நைனாதான்.

எங்கள் சபையில் திருவிருந்து மாதம் ஒருமுறை. தட்டு எங்கள் வரிசைக்கு வந்ததும் நாங்கள் மூவரும் முழங்காலை ஒதுக்கி வழிவிடுகிறோம். தப்பு என்று சொல்லிவிடுங்கள் என நைனாவிடம் நான் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஒன்பது மாதம் ஆகிறது. மாதம் ஆளுக்கு ஒரு துண்டு என்று வைத்தால், மூன்று பேருக்கும் சேர்த்து இருபத்தேழு துண்டு அப்பம்.