விடுவதற்கு ஒன்றுமில்லாத தவக்காலம்

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சூடு ஆறாத விரிப்புகளை மடித்து மடித்து விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஒரு வாரம் முன்பே தயாராகிவிடுகிறவள். காப்பி கிடையாது, கறி கிடையாது, வெள்ளிதோறும் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம். இந்த வருடம் அதற்கெல்லாம் தெம்பில்லை. கணவர் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம். பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட பெண்ணும், மகளுக்குப் பிரசவம் என்று சனிக்கிழமை கிளம்பிப் போய்விட்டாள்.

"இந்தத் தவக்காலத்துக்கு என்ன விடப்போறீங்க?" என்று ஞாயிறன்று கோவில் வாசலில் பங்குச்சாமியார் கேட்டார்.

"விடுறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு ஃபாதர்? தூக்கம் எப்பவோ போயிடுச்சு."

"அப்ப கவலைய விட்டுப் பாருங்க. ஆண்டவர் பாத்துப்பார்."

தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆண்டவர் வந்து விரிப்பு மாற்றுவாராக்கும் என்று வழியெல்லாம் பொருமினாள்.

திங்கள் விடுப்பு எடுத்தாயிற்று. செவ்வாயும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். செவ்வாய் காலை கணவருக்கு ஊட்டி, வாய் துடைத்து, கட்டிலோரம் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. "என்னால ஆகல ஆண்டவரே. இனி நீர் பாத்த வழி." ஜெபம் அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கணவரின் அக்கா, கையில் துணிப்பையுடன். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாமியாரின் சாவு வீட்டில், "எங்கம்மாவப் பட்டினி போட்டே அனுப்பிட்டா" என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன வாய் அது.

"மகன் வீட்ல எனக்கு இடமில்லன்னு ஆகிப்போச்சு. ரெண்டு நாள் இருந்துக்கட்டுமா?" நாத்தனார் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

நறுக்கென்று கேட்க ஆறு வருடக் கேள்விகள் இருந்தன. கேட்கத்தான் சக்தியில்லை.

"உள்ள வாங்க அண்ணி. பத்து மணிக்கு அவருக்கு மாத்திரை. ஒரே பக்கமா படுக்க விடாதீங்க."

வேலைக்கு ஓடியவள் நாளெல்லாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் வந்து பார்த்தால், கணவர் முகம் மழித்து, தலை வாரி, தலையணையில் சாய்ந்திருந்தார். கோணிய வாயால் "அக்கா" என்று நாத்தனாரைக் காட்டிச் சிரித்தார்.

"முதுகெல்லாம் செவந்திருக்கு. இத்தனை நாளா என்னத்தப் பாத்த நீ?" என்றாள் நாத்தனார்.

சுருக்கென்றது. ஆண்டவர் ஆளை அனுப்பினார் சரி, அந்த நாக்கைக் கொஞ்சம் கழற்றிவைத்துவிட்டு அனுப்பியிருக்கக் கூடாதா? முகம் கழுவப் போனாள். இந்த நாற்பது நாளும் அந்தப் பழைய பேச்சை எடுப்பதில்லை என்று குழாயடியில் நின்று முடிவு செய்தாள். காப்பியை விடுவது இதைவிட எத்தனையோ சுலபம்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலை, திருப்பலியில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்குப் பஸ் ஏறியவள், பல மாதத்துக்குப் பிறகு அசந்து தூங்கி, இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் என்று வந்த நாத்தனார் ஈஸ்டர் ஞாயிறு தாண்டியும் இருந்தாள். ஒருநாள் அவளுடைய மகன் வந்து கூப்பிட்டபோது, "என் தம்பிக்கு மாத்திரை யாரு குடுப்பா, நீயா?" என்று திருப்பி அனுப்பினாள். பெரியக்காவிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவேயில்லை. பெரியக்காவும் அதை எதிர்பார்ப்பதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.