கழுத்தில் கொடி, கையில் உளி

வசந்தமலரின் பிடிவாதம் ஒஸ்லோவின் அம்மருட்டில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி முழுவதற்கும் தெரியும். கணவர் இந்திரகுமாருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மரம் கடையப் பழகப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மறுக்க அவருக்கு வழியும் இல்லை. அவளை எங்கேயாவது போய்த் தொலையச் சொன்னவரே அவர்தான்.

அதற்கு முந்திய பனிக்காலத்தில் அவருக்கு நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். பஸ் ஓட்டின மனுசன் வீட்டில் ஓய்வாக இருந்தார். இவளோ ராத்திரியெல்லாம் கண்ணை மூடாமல் அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் பாலர் பள்ளியில் வேலை செய்யும்போதும் இடைக்கிடை போன் எடுத்து, அவர் "ஹலோ" என்றதும் வைத்துவிடுவாள். ஒரு நாள் அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"நீர் இப்பிடிப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் நோயாலை சாகமாட்டன், உம்மடை பார்வையாலைதான் சாவன். போய் ஏதாவது ஒரு கோர்சுக்குச் சேருமன்."

சாவு என்ற சொல்லை அவர் உச்சரித்ததற்காக ஒரு கிழமை, ஏழு நாளும், முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தவள், பிறகு போய்ச் சேர்ந்தாள். தையல், பின்னல், மட்பாண்டம் எல்லாவற்றிலும் இடம் முடிந்துவிட்டது. மிஞ்சியிருந்தது மரம் கடைதல்.

இங்கே அவளுடைய தாலிக்கொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துக் கொடி என்றால் அது சும்மா சங்கிலி அல்ல, கழுத்தில் கிடந்தால் கனம் தெரியும். ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் பெண்கள் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கலியாணவீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்துப் போடுவார்கள். மற்ற நாட்களில் மெல்லிய சங்கிலி ஒன்றோடு சரி. வசந்தமலரும் அப்படித்தான் இருந்தாள். கணவரைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன காலையில் கொடியை எடுத்துப் போட்டாள். அவர் உயிரோடு திரும்பி வந்தார். வைத்தியர்கள் தங்களால்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு உண்மைக் காரணம் தெரியும். அன்றிலிருந்து குளிக்கும்போதும் படுக்கும்போதும் கொடி கழுத்தை விட்டு இறங்கவில்லை.

கோர்சின் முதல் மாலையில் றாக்ன்ஹில்ட் என்ற உயரமான ஆசிரியை ஒரு பேர்ச் மரக் கட்டையை இயந்திரத்தில் பூட்டிக் கடைந்து காட்டினாள். முரட்டுக் கட்டை சுழன்றது, சீவல் சுருள் சுருளாகப் பறந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழவழப்பான கைப்பிடி ஒன்று வந்துவிட்டது. பார்த்து முடித்தபோதுதான் வசந்தமலருக்கு உறைத்தது, இவ்வளவு நேரமும் தான் அவரை நினைக்கவே இல்லை என்று. மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த பயம் எங்கேயோ எழும்பிப் போயிருந்தது. அந்த நிம்மதி அவளுக்கு இன்னும் வேண்டும்போல் இருந்தது.

அவளுடைய முறை வந்தபோது றாக்ன்ஹில்ட் கழுத்தைப் பார்த்தாள். "சங்கிலியைக் கழற்றிவிட்டு வாங்கோ."

"உள்ளே விட்டுக்கொள்கிறேன்," என்றாள் வசந்தமலர்.

"உள்ளே விட்டாலும் குனியும்போது வெளியே வரும். இயந்திரம் பிடித்தால் விடாது." றாக்ன்ஹில்ட் தன் வெறும் விரலைக் காட்டினாள். கலியாண மோதிரம் தட்டில் கிடந்தது. அவளுடைய புருசன் அதனால் எங்கேயும் மயங்கி விழுந்ததாகத் தெரியவில்லை.

விளக்கிச் சொல்ல வசந்தமலருக்கு நோர்வேஜிய மொழி தெரியாமல் இல்லை. ஆனால் என் புருசனின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று அந்த வெளிச்சமான அறையில் அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கோபம்தான் வந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். கழற்றச் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் கடைந்தால் போயிற்று என்று ரயிலில் வரும்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அப்படித்தான் அந்தச் சின்னக் கடைசல் இயந்திரம் அம்மருட்டுக்கு வந்தது. பழையது, ஆனால் வார்ப்பிரும்பு. கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் யாரும் பாவிக்காத சைக்கிள் அறை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலைமேசையில் துளை போட்டு, இயந்திரத்தைத் திருகாணிகளால் இறுக்கி, ஆளியை, அதுதான் சுவிச்சை, போட்டால் மேசையே நடக்கத் தொடங்கியது. அவள் அசரவில்லை. மேலே தங்கள் வீட்டில் இருந்த சம்பா அரிசி மூட்டைகளை லிப்டில் இறக்கி மேசையின் கீழ்த் தட்டில் அடுக்கினாள். அதற்குப் பிறகு மேசை அசையவில்லை. சோறு காய்ச்ச வேண்டிய நேரங்களில் வீட்டில் அரிசி இல்லாமல் இந்திரகுமார்தான் சிரமப்பட்டார்.

இயந்திரத்துக்கு இரண்டு தலை. இடதுபக்கத் தலையில் மோட்டார் சுழற்றும் தண்டும், அதன் நுனியில் கட்டையைக் கவ்வுகிற பற்களும். வலதுபக்கத் தலையில் கட்டையை எதிர்ப்பக்கமிருந்து அழுத்திப் பிடிக்கும் ஒரு கூர். இரண்டு நுனியும் மூக்கோடு மூக்கு முட்ட வேண்டும். மயிரிழை விலகினாலும் கட்டை துள்ளும். கடதாசித் துண்டுகளை அடியில் செருகிச் செருகி அவள் அதை நேராக்கினாள். உளியைத் தாங்கும் சட்டத்தைக் கட்டைக்குக் கிட்டக் கொண்டுவந்து வைக்கவும், ஆளியைப் போட முதல் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவும், முதலில் மெதுவான வேகத்தில் ஓட விடவும் பழகினாள். றாக்ன்ஹில்ட் சொன்ன எல்லாவற்றையும் செய்தாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு அவளிடம் இரண்டு சேப்டி பின் இருந்தன. கொடியைச் சட்டைக்குள் விட்டு, துணியோடு சேர்த்துக் குத்திக்கொள்வாள்.

கீரை மத்துத்தான் அவளுக்குக் கைவந்தது. நீளக் காம்பு, அடியில் குண்டுத் தலை. கோயிலில் நாலு பேர் கேட்டு வாங்கினார்கள். இந்திரகுமார் அந்த மத்துகளைத் தடவிப் பார்ப்பார், நல்லாய் இருக்கு என்பார், பிறகு அதே கதையைத் தொடங்குவார்.

"அந்தக் கோர்ஸ்காரி கழட்டச் சொன்னதெண்டால் அதுக்கொரு காரணம் இருக்குமப்பா. கீழை போகேக்கை கழட்டி வைச்சிட்டுப் போமன்."

"உங்களுக்கென்ன விசரோ? அது கிடக்கிறதாலைதான் நீங்கள் இஞ்சை இருந்து கதைக்கிறியள்."

"நான் கட்டினது. நான்தானே சொல்லுறன், கழட்டும்."

"கட்டினதோடை உங்கடை வேலை முடிஞ்சுது."

அவர் கோபித்துக்கொண்டு, அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பார்க்கவும் இல்லை. இவளுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள், பின்களை அழுத்துவாள், ஆளியைப் போடுவாள். பயம் இல்லையென்று அவள் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. கோயிலில் கேட்டிருந்த கமலாதேவிக்குக் கொடுக்க வேண்டிய மத்து முக்கால்வாசி முடிந்திருந்தது. அரத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வாறேன் என்று சொல்லிவிட்டு வசந்தமலர் கீழே இறங்கினாள். தேய்ப்பதற்காக உளிச் சட்டத்தைக் கழற்றி ஒதுக்கி, ஆளியைப் போட்டாள். கோயிலுக்கென்று உடுத்த புதுச் சட்டை, துணி மெல்லிசு. இடதுபக்கத் தலைக்குக் கிட்ட, காம்பில் உளித் தடம் ஒன்று இருப்பதுபோல் பட்டது. மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

பின் குத்திய துணி கிழிந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கொடி வெளியே விழுந்ததைக் கண்டாள். அதைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். அதற்குள் யாரோ பிடரியில் அறைந்ததுபோல் தலை முன்னால் போய் இரும்பில் மோதியது. கை தன்பாட்டில் தட்டிய தட்டில், நிறுத்தும் சிவப்பு ஆளி அமுங்கியது. இயந்திரம் நின்றது.

நின்றதே தவிர விடவில்லை. கொடி தண்டைச் சுற்றி ஏறி, தண்டில் வெட்டியிருந்த புரிகளுக்குள் இறுகிக் கிடந்தது. கன்னம் இரும்போடு ஒட்டியிருந்தது. தொண்டைக்கும் கொடிக்கும் இடையில் இரண்டு விரலை நுழைத்தாள். அந்த விரல்களின் தடிப்பளவுக்குத்தான் மூச்சு வந்தது. மற்றக் கையை நீட்டி வலதுபக்கத் தலையைத் தளர்த்தினாள். மத்து கழன்று நிலத்தில் உருண்டது. தண்டைப் பின்பக்கமாகச் சுற்றப் பார்த்தாள். கொஞ்சம் அசைந்து, முன்னைவிட மோசமாக இறுகியது. கொடியைப் பூட்டும் கொக்கி, அந்தக் கொழுவி, எங்கேயோ சுற்றுக்குள் அகப்பட்டுவிட்டது. கத்தினாள். கொங்கிரீட் சுவர்களுக்குள் போனே வேலை செய்யாது, அவளுடைய குரலா வெளியே போகும்?

திடீரென்று இருண்டது. செத்துவிட்டேன் என்றே நினைத்தாள். பிறகுதான் நினைவு வந்தது: அந்த அறையின் லைற் ஆள் அசைந்தால்தான் எரியும். கையை ஆட்டினாள். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்ப அணைந்தது. திரும்ப ஆட்டினாள். கை சோர்ந்துகொண்டு வந்தது.

கதவு திறந்தபோது வேட்டிக்கு மேல் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்திரகுமார் நின்றார். கோயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஏசுவதற்காக, தலைவைத்தும் பார்க்கமாட்டேன் என்ற அறைக்கு வந்திருந்தார். 

"ஐயோ! அசையாதை! அசையாதை பிள்ளை!"

முப்பது வருடத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஓடிவந்து கொடியை இழுத்துப் பார்த்தார், கொழுவியைத் தேடித் தடவினார். அவளுடைய முகம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. சுவரில் மாட்டியிருந்த கம்பி வெட்டும் குறட்டை எட்டி எடுத்தார். குறட்டைக் கண்டதும் அவள் துடிக்கத் தொடங்கினாள்.

"வேண்டாம்... அறுக்காதையுங்கோ... உங்களுக்கு... ஏதும்..."

"எனக்கு ஒண்டும் நடக்காது."

"அறுக்காதையுங்கோ... ஆரையும்... கூப்பிடுங்கோ..."

"கூப்பிட்டு அவை வரேக்கை உன்ரை பிணம்தான் கிடக்கும்!" அவர் குறட்டைக் கொடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவள் தன் மற்றக் கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த கழுத்து. அப்போதும் அவள் தடுத்தது குறட்டைத்தான். அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் முழங்காலால் மேசையோடு அழுத்திக்கொண்டார். ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு, ஊரறியத் தான் கட்டின கொடியைத் தானே வெட்டினார்.

வசந்தமலர் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தாள். காற்று உள்ளே போனது. கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை, இருமிக்கொண்டே அவரைப் பார்த்தாள். அவருடைய முகம் வெளிறியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. குறடு கையிலிருந்து விழுந்தது. அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நிலத்தில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னனான்," என்று அலறினாள். "சொன்னனான்தானே! ஐயோ, நான் சொன்னனான்!" நாலு காலில் தவழ்ந்துபோய் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நோகுதோ? சொல்லுங்கோ, நெஞ்சு நோகுதோ?"

"நோகுது."

அவளுக்கு உலகம் நின்றுவிட்டது.

"வந்து கதவைத் திறந்தால் மனுசி மெசினிலை தொங்குது," என்றார் அவர், மூச்சு வாங்க வாங்க. "பிறகு நோகாமல் என்ன செய்யும்?"

அவள் அவருடைய நெஞ்சில் காதை வைத்தாள். அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக, கண்டபடி, ஆனால் அடித்துக்கொண்டிருந்தது. லைற் அணைந்தது. இரண்டு பேரும் கையை ஆட்டவில்லை. இருட்டில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அது நிற்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. சத்திரசிகிச்சை நாளில் அழாத அழுகை எல்லாம் சேர்த்து அழுதாள். அவர் அவளுடைய பிடரியைத் தடவிக்கொடுத்தார்.

அவசர சிகிச்சை நிலையத்தில் இரண்டு பேரையும் சோதித்தார்கள். அவளுடைய கழுத்தைச் சுற்றிக் கன்றிப் போயிருந்தது. அவருடைய இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் வைத்தியரிடம் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

அடுத்த கிழமை கோயிலில், பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, கமலாதேவியின் கண் நேராக அவளுடைய கழுத்துக்குப் போனது. அங்கே கொடி இல்லை. மறையாத சிவப்புக் கோடு ஒன்றுதான் இருந்தது.

"என்ன மலர், கழுத்து வெறுமையாய்க் கிடக்கு? கொடி எங்கை?"

பக்கத்தில் இந்திரகுமார் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, பாயசம் முடிந்துவிடுமோ என்ற கவலையோடு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தமலர் அவரை ஒரு தடவை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"இவர் அறுத்துப் போட்டார்," என்றாள்.