கிரேஸ் அக்காவின் மூக்கு தூங்கிய மதியம்

கவரைப்பேட்டையிலிருந்து காலை ரயிலில் வரும் கிரேஸ் அக்கா வேலைநாளில் பூ வைப்பதில்லை, பவுடர் பூசுவதில்லை, வெங்காயம் தொடுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி பிஸ்கட் பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் தாளை அச்சடிக்கிறது. மையின் வாடை தாளில் தங்கினால் பிஸ்கட்டிலும் ஏறிவிடும். அதை மோந்து பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. ஒவ்வொரு தாள் உருளையிலும் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி ஜாடியில் மூடி, இளஞ்சூட்டில் வைத்திருப்போம். அக்கா மூடியைத் திறந்து கண்ணை மூடிக்கொள்வார். குளத்தில் மெல்ல இறங்குகிறவரின் சாயல் அப்போது அவர் முகத்தில் வரும்.

ஒரு ஜாடி முடிந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். வேலிக்கு அந்தப்புறம் இன்னும் விலைபோகாத ஒரு துண்டு நெல்வயல். அந்தக் காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்துதான் அடுத்ததைத் திறப்பார். புதிதாக வருகிறவர்கள் அதைச் சோம்பல் என்று நினைப்பார்கள்.

வாசனை நம் மூக்கின் நரம்புச் செல்லுக்குள் நுழைவதேயில்லை. வாசலில் நின்று கதவைத் தொடுகிறது, அவ்வளவுதான். அது முதல் தூதர்; உள்ளே இரண்டாம் தூதர்கள் பிறக்கிறார்கள். சைக்ளிக் ஏஎம்பி என்று அவர்களுக்குப் பெயர். ஒருவரல்ல, ஒரு கூட்டம். அவர்கள் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறக்க, கால்சியம் உள்ளே பாய்கிறது, மின்சாரம் எழுகிறது, சேதி அடுத்த நரம்புக்குத் தாவுகிறது. உள்ளே வந்த அதே கால்சியம் கொஞ்ச நேரத்தில் ஜன்னல்களைச் சாத்தவும் தொடங்கிவிடும். வாசனை வாசலிலேயே நின்றிருக்க, வீடு தூங்கிப்போகும். நல்ல காற்றில் நின்றால்தான் மறுபடி விழிக்கும்.

போன மழைக்காலக் காய்ச்சலில் அக்காவின் மூக்கு மொத்தமாக அணைந்துபோனது. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். முகமற்ற அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாளெல்லாம் நின்றார். வாசனை திரும்பி, லேபுக்கு அவரும் திரும்பியது சமீபத்தில்தான். இனி ஒருமுறை தவறினால் பேக்கிங்தான், கடைசிவரை, என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அன்று வெளியே ரோடு போடத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். லேப் அதிகாரி ஜெரால்ட் சார் கதவைச் சாத்தச் சொன்னார். டிரைவர் லோகுவின் லாரி வேறு காத்திருந்தது. அக்காவால் வெளியே போக முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஜாடிகளை வரிசையாகத் திறந்து மூடினார். எல்லாம் சரி என்றார். உருளைகள் லாரிக்குப் போகத் தொடங்கின.

தார்ப்புகை அடங்கியபின் டிபன்பாக்ஸ் கழுவ வெளியே போனவர், வயலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தவர் லேப் வாசலிலேயே நின்றுவிட்டார். பழுத்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் தெளித்தது போன்ற மையின் வாடை, மெல்லிய துணியாக அறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே லாரியைப் பார்த்தார். பேசாமலிருந்தால் அது போய்விடும். யாருக்கும் தெரியாது.

"சார், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. நா சொன்னது தப்பு."

ஜெரால்ட் சார் நிமிர்ந்தார். "இன்னா கிரேஸ், இப்பத்தான எல்லாம் ஓகேன்ன? காய்ச்சல் மூக்கு வேலையக் காட்டுதா?"

"மூக்கு நல்லாத்தான் கீது சார். விடாம மோந்துகினே இருந்தா எந்த மூக்கும் தூங்கிடும். நீங்களே வெளிய போய் நின்னுட்டு வாங்க."

"மேனேஜர் பேக்கிங்குக்கு அனுப்பிடுவாரு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

ஜெரால்ட் சார் வெளியே போனார். வேலியோரம் கைகட்டி நின்றார். நெற்கதிர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து, வாசலில் காலை வைத்ததும் முகம் மாறியது. லாரியை நிறுத்தச் சொல்லி லோடிங்குக்குப் போன் போட்டார்.

உருளைகள் இறங்கி வரும்போது லோகு முணுமுணுத்தது இங்கேவரை கேட்டது. இன்னிக்கு வண்டி ஊடு போய்ச் சேராது, பேஜாரு என்றார்.

கதவு முழுதாகத் திறந்திருந்தது. ஒரு ஜாடி, பிறகு வயற்காற்று; இன்னொரு ஜாடி, பிறகு வயற்காற்று. வெயில் மஞ்சளாகி மேசைமேல் படுத்துக்கொண்டது. அக்கா ஒதுக்கிய ஜாடிகள் ஒருபக்கம் சேர்ந்துகொண்டே வந்தன. பாதியில் போன் அடித்தது. மேனேஜர். அந்தம்மாவை நாளையிலிருந்து எங்கே போடுவது என்று அவர் கேட்டது எங்களுக்கே கேட்டது.

"இங்கதான் சார்," என்றார் ஜெரால்ட் சார். "தப்பு என்னுது. கதவச் சாத்தச் சொன்னது நான்."

போனை வைத்துவிட்டு, அடுத்த ஜாடியை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.