பண்டாரவளை வீட்டை நான் விற்காமல் விட்டது

பழைய பத்திரிகைத் தாளில் பொதிந்த போஞ்சி விதைகளோடு டீச்சர் என் முன்னால் நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. நம் பண்டாரவளை வீட்டுக்கு அவர் வாடகைக்கு வந்த முதல் மாதம் அது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து ஆசிரியையானவர். "அண்ணே, பின்னாடி நெலம் சும்மாதானே கெடக்கு? ரெண்டு வரிசை போஞ்சி போட்டுக்கவா?" என்று கேட்டார். நான் யோசிக்காமலே, "கேட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

"யாருகிட்டண்ணே கேப்பீங்க?"

வீட்டு உறுதிப் பத்திரம் என் பேரில் இருந்தது. கேட்பதற்கு மேலே ஒருவரும் இல்லை. பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

பிள்ளைகளே, உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நீங்கள் பதுளையில், சுவரில் நினைத்த இடத்தில் ஆணி அடித்து வளர்ந்தவர்கள். நான் நமுனுகுலப் பக்கத்தில் லயத்துக் காம்பராவில், தோட்டம் கட்டிய வரிசை வீட்டின் ஓர் அறையில், வளர்ந்தவன். அதில் இருந்தோம், அவ்வளவுதான். அது தோட்டத்துக்குச் சொந்தமானது. மழையில் அடுப்பு நனைகிறதென்று உங்கள் தாத்தா வாசலில் நான்கு தகரத்தைப் போட்டுச் சாய்ப்பு இறக்கினார். ஆபீசில் கேட்காமல் போட்டதாகச் சொல்லி, கணக்குப்பிள்ளை வந்து நின்று தாத்தாவின் கையாலேயே அதைப் பிரிக்க வைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கொத்தமல்லி விதை தூவுவதற்குக்கூட, "எதுக்கும் கேட்டுக்குவோம்" என்பதுதான் பேச்சு. பதுளையில் ஹார்ட்வெயார் கடையில் நின்று நின்று, உங்கள் அம்மாவும் நானுமாக பண்டாரவளையில் அந்த இரண்டு அறை வீட்டை வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் என் நாக்கை விட்டுப் போகவில்லை.

ஒன்பது வருடமாக டீச்சர் அங்கே இருக்கிறார். இந்த வருடம் தரகர் ஒருவர், சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதி கட்ட ஒருவர் அந்த வீட்டை விலைக்குக் கேட்பதாக வந்தார். பெரிய தம்பி, மூத்த மகனாக நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூரை ஒழுகுகிறது, வாடகை திருத்த வேலைக்கே போய்விடுகிறது, விற்றால் உனக்கு ஒரு லொறி எடுக்கலாம். எனக்கும் முக்கால்வாசி மனம் வந்துவிட்டது. வீட்டைக் காட்டத் தரகரோடு போனேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தால் நிலம் வெறுமையாகக் கிடந்தது. டீச்சர் போஞ்சிக் கம்புகளைக் கட்டுக்கட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"ஏன் டீச்சர், இந்த வாட்டி ஒண்ணும் போடலையா?"

"வாங்குறவங்க என்ன சொல்வாங்களோ. அவங்க வந்தா ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போடலாம்னு இருந்தேண்ணே."

அவர் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னைத் தைத்தது. தகரத்தைப் பிரித்தபோது உங்கள் தாத்தாவின் முகமும் அப்படித்தான் இருந்தது.

"நீங்க போடுங்க டீச்சர். வீட்ட விக்கல" என்றேன்.

தரகர் தலையில் கை வைத்தார். "என்னண்ணே, போஞ்சிக்காகவா வீட்ட விக்காம விடுவாங்க? நம்ம பக்கத்துல நீங்க ஒருத்தர்தான்!"

"ஒருத்தனாவே இருந்துட்டுப் போறேன் தம்பி. நீங்க டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க."

டீச்சர் உள்ளே போய் மம்பட்டியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "அப்ப மொதக் குழிய நீங்களே வெட்டுங்க. பேச்சு மாற மாட்டீங்கன்னு நம்புறேன்."

ஒரு குழியோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு வரிசையையும் கொத்திவிட்டுத்தான் பதுளைக்கு பஸ் ஏறினேன். பெரிய தம்பி, லொறிக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். அது லேசு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குப் போல மனம் நிறைந்து நான் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. உங்கள் அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். "எல்லாஞ் சரி. நான் வித்துக் குடுத்த சங்கிலியும் வளையலும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டிருக்கணும்தான்" என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.