ஆறரை மணிக் கூட்டத்து ஆதி

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஆதிகேசவன் பள்ளிக்கூட கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். வியாழக்கிழமை என்றால் அவர் இடம் அதுதான். கூட்டம் ஆறரைக்கு. பீன்யா தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் முடித்து, குளித்து, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி மர்ஃபி டவுன் வந்து சேர்கிறவர். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் லேத் எண்ணெய் போகாது.

எதிரே என் எஸ்.டி.டி. பூத். பள்ளிக்கூடத்தில் நடப்பது குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டம். வெளியே போர்டு கிடையாது. வருகிறவர்களின் மானம் போகக்கூடாதாம். சரி, மானம் இருக்கட்டும், இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டாமா? புதிதாக வருகிற ஆசாமி கேட்டைத் தாண்டி மூன்று தடவை நடப்பார். பிறகு என் பூத்துக்குள் புகுந்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் கண்ணாடி வழியாக எதிரே பார்ப்பார். நிஜமாகவே போன் பேச வந்தவர்கள் வெளியே நின்று என்னைத் திட்டுவார்கள். என் பிழைப்பு இப்படி!

புது ஆளை ஆதிகேசவன் முகத்தை வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. "கால பாரு சார். போவலாமா வேணாமான்னு யோசிக்கிறவன் ரோட்ட தேச்சுகினே நடப்பான்" என்பார். கண்டுபிடித்த பிறகும் கூட்டத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "டீ ரெடி, உள்ள வா குரு. டீ குடிக்கிறவன யாரும் பேரு கேக்க மாட்டாங்க." அவ்வளவுதான் அழைப்பு. யாராக இருந்தாலும் அவருக்கு 'குரு'தான்.

அவர் வந்த கதையைக் கேட்டால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஐந்து வருடம் முன்பு, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்திருக்கிறார். விளக்கு எரிந்த முதல் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே நடந்தது பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம்.

"டீச்சரம்மா ஒருத்தங்க 'புதுசா வந்தவங்க எழுந்து உங்களப் பத்தி சொல்லுங்க'ன்னாங்க. எழுந்துட்டேன். என் பேரு ஆதி, காலைல ஒரு பாக்கெட் சாராயம் போடலன்னா கை நிக்காது, பொண்ணு ஸ்கூல் பைல கூட பாக்கெட்ட ஒளிச்சு வெச்சிருக்கேன்னு எல்லாத்தயும் கொட்டிட்டேன். டீச்சரம்மா மெதுவா கேக்கறாங்க, 'உங்க பொண்ணு எந்த செக்‌ஷன்?'"

அந்த டீச்சரே பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் விட்டாராம். ஆனால் ஆதிகேசவன் தனியாகப் போகவில்லை. மகன் மார்க்கைப் பற்றிக் கேட்க வந்த ஒரு தகப்பனும் ஓசைப்படாமல் எழுந்து பின்னாலேயே போயிருக்கிறார். அவர்தான் நாணு. இன்று கூட்டத்துக்கு டீ போடுகிறவர்.

இப்போது எச்சரிக்கை என்றால் அப்படி ஓர் எச்சரிக்கை. கோயில் தீர்த்தத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஆதிகேசவன் வாயில் விடுவார். இதை எழுதி அனுப்பும்போது பத்திரிகையில் அவர் பெயரைப் போடலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "போட்டுக்கோ சார். குடிச்சப்ப ஊருக்கே தெரியும். வுட்டப்புறம் ஒளிஞ்சிக்கணுமா? மத்தவங்க பேர மட்டும் மாத்திடு" என்றார். மாற்றிவிட்டேன்.

நாராயணசாமி என்பதும் அப்படி நான் வைத்த பெயர்தான். ஆதிகேசவனுக்குப் பக்கத்து லேத்தில் வேலை. அவருக்கு முதல் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கொடுத்தவர் ஆதிகேசவன்தான். இவர் விட்டுவிட்டார், அவர் விடவில்லை. இனி தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நாராயணசாமியின் மனைவி சரளா பாக்டரி வாசலுக்கே வந்து, "நீதானே பழக்கி வுட்ட அண்ணா? நீயே வுட வை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதிலிருந்து ஆதிகேசவன் ஒழுங்காகத் தூங்கவில்லை. நாராயணசாமியோ மூன்று வியாழக்கிழமை கேட் வரைக்கும் வந்து திரும்பிப் போனார்.

நான்காவது வியாழன் என் பூத்துக்குள் புகுந்தார். ரிசீவர் காதில், கால் மணி நேரம். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் கத்த வாயெடுத்தபோது, ஆதிகேசவன் ரோட்டைக் கடந்து வந்து கதவைத் திறந்தார். டீ என்ற பேச்சே வரவில்லை.

"சாமி, எனக்கு பயமா கீதுடா" என்றார். "நீ செத்துட்டன்னா நானும் திரும்பக் குடிச்சிடுவேன். சத்தியமா சொல்றேன்."

நாராயணசாமி அவரையே பார்த்தார். ரிசீவரை வைத்தார். "வாயக் கழுவுடா" என்று முனகிக்கொண்டே ரோட்டைக் கடந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பூத்தை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் போய் வராந்தாவில் நின்றேன். நாராயணசாமி, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி, யாரும் சொல்லாமலே வகுப்பறை வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்க் கதவை ஒட்டிய பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தார். பார்வை வெளியிலேயே இருந்தது. யாரையும் பிடித்து வைக்கக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

ஆதிகேசவன் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டென்று குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்தார்.