குகை மனிதனின் கோணல் பல்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்துப் பனியில் விழாமல் சைக்கிள் ஓட்டப் பழகினாள். டெனிஷில் இருநூறு சொல் பிடித்தாள். கோப்பை கழுவும் வேலைக்கு அனுப்பப் பார்த்தவர்களிடம் "நான் பல்லுக் கட்டத் தெரிஞ்சவள்" என்று மூன்று முறை சொல்லி, ஓர் அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஆறுமாதப் பயிற்சி வேலையும் வாங்கினாள். தங்கச்சி தவமலர் பதினெட்டு மாதத்தில் வென்றவற்றை அக்கா றோஸ் ஒன்றும் விடாமல் விரல்மடித்துச் சொல்லுவாள்.

மன்னாரில் பல் கட்டும் கடையில் ஒன்பது வருடம் இருந்த கை தவமலருடையது. ஒரு பல்லை வைக்குமுன் நாக்கால் தன் பல்வரிசையை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறினாலும் எதிரே இருப்பவரின் வாயில்தான் கண். "அந்த மனிசிக்கு மேல்செட் இறுக்கமில்லை அக்கா. அப்பிள் கடிக்கேலாது."

கண்காட்சிக்கு ஒரு தாடை வந்தது. ஐரோப்பியக் குகையொன்றில் கிடைத்த, முப்பதாயிரம் வருடத்துக்கு முந்திய மனிதனுடையது. பிளாஸ்டரில் வார்த்த பிரதி. வழியில் முன்பக்கம் உடைந்துபோனதால் ஒட்டச் சொன்னார்கள். தவமலர் ஒட்டினாள். அதோடு நிற்காமல், திரும்பியிருந்த கோரைப்பல்லை நேராக்கி, தேய்ந்த முனைகளையும் நிரவிவிட்டாள்.

பொறுப்பாளர் இங்கர் தலையில் கைவைத்தாள். "இவர் என்ன, கலியாணத்துக்கா போகிறார்? எதைச் சப்பினார், எப்படிக் கடித்தார் என்று இந்தத் தேய்வும் கோணலும்தானே சொல்லும்!" திறப்புக்கு நாலு நாள். சரிவராவிட்டால் பிரதி திரும்பிப் போகும். தவமலரின் வேலையும் பயிற்சியோடு முடியும்.

"மன்னிப்புக் கேட்டுப்போட்டு விடடி. வேறை ஆரும் செய்யட்டும்" என்றாள் றோஸ்.

"கெடுத்தது நான். நான்தான் திருத்துவன். வடிவாக்கிப் பழகின கையக்கா, கோணலா வைக்கத்தான் கஷ்டம்."

உடையுமுன் எடுத்த படத்தைப் பெருப்பித்து முன்னால் வைத்தாள். நிரவியதை அரத்தால் மயிரிழை மயிரிழையாய் எடுத்தாள். கோரைப்பல்தான் பணியவில்லை. மூன்று தரம் வைத்தாள். மூன்று தரமும் கை தானாக நேராக்கியது. நாலாவது தரம் பல்லை இடக்கைக்கு மாற்றினாள்.

"இந்தக் கைக்குப் பல்லுக் கட்டத் தெரியாது. சொன்னதைக் கேக்கும்."

வெள்ளிக்கிழமை இங்கர் படத்தைப் பக்கத்தில் பிடித்து, அளவுகோலால் இரண்டு தரம் அளந்தாள். தாடையோடு போகும் அட்டையை எடுத்து, "திருத்தியவர்" என்ற கோட்டில் விரலை வைத்தாள்.

மன்னாரில் தவமலர் கட்டிய பல்லெல்லாம் முதலாளியின் பெயரில்தான் போயின. அவள் பிளாஸ்டர் படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்தாள். பேனையை வாங்கி, தமிழிலேயே எழுதினாள்:

தவமலர், 14 நவம்பர் 1986.